மலைக்காட்டுக் கோப்புகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே நின்ற பைனஸ் மரங்கள் வெட்டப்படுகின்றன. பீலியில் தண்ணீர் குறைகிறது. பாதையில் லொறி போகிறது. தோட்டத்தில் கேட்டால் வன இலாகாவைக் கைகாட்டுகிறார்கள், வன இலாகாவில் கேட்டால் தோட்டத்தைக் கைகாட்டுகிறார்கள். இந்த அலைச்சலுக்கு எழுத்தில் முடிவு கட்டலாம். அரச காணியில் ஒரு மரம் சட்டப்படி விழுந்திருந்தால், அதற்கான தாள் ஏதோவோர் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தத் தாளின் பிரதியைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்படியொரு தாளே இல்லை என்று எழுதித் தந்தால், அந்தப் பதிலும் கையில் இருக்க வேண்டிய ஆவணம்தான்.

அந்த உரிமையைத் தரும் இலங்கைச் சட்டத்தின் முழுப்பெயர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை தரும் உரிமையை இது செயலுக்குக் கொண்டுவருகிறது. வேறெந்தச் சட்டத்தில் இதற்கு மாறாகச் சொல்லியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும். “வனக் கட்டளைச் சட்டப்படி தர முடியாது” என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

யார் கேட்கலாம்

இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும் கேட்கலாம். ஆகவே கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம், இளைஞர் மன்றம் எதன் பெயரிலும் விண்ணப்பம் போகலாம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தோட்டத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறவர்களுக்குச் சங்கத்தின் பெயர் நல்ல பாதுகாப்பு.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் கேட்டாலும் சொல்லக் கடமை இல்லை. எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது, இத்தகைய விண்ணப்பங்களைக் கையாள அந்த அலுவலகத்தில் உள்ள தகவல் அலுவலரின் கடமை.

முதல் வேலை: காடு யாருடைய பொறுப்பில்?

மலையகத்தில் விண்ணப்பங்கள் தோற்கும் முதல் இடம் இதுதான். எழுத்து நன்றாக இருக்கும், கேள்வி நன்றாக இருக்கும், அலுவலகம் தவறாக இருக்கும். மூன்று வாரம் கழித்து “இது எமது பொறுப்பில் இல்லை” என்று ஒரு வரி வரும்.

பார்வைக்கு ஒரே பச்சையாகத் தெரியும் மலைச்சரிவில் நான்கைந்து பேருடைய அதிகாரம் அடுத்தடுத்து இருக்கலாம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் ஒதுக்கக் காடுகளும் பேணற் காடுகளும் உள்ளன. நக்கிள்ஸ், பிதுருதலாகல இந்த வகை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களும், ஹக்கல போன்ற கடும் இயற்கை ஒதுக்கிடங்களும், சரணாலயங்களும் வருகின்றன. சரணாலயம் என்ற பெயரைப் பார்த்து முழுவதும் அரச காணி என்று நினைக்க வேண்டாம், அதன் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்க முடியும்.

மூன்றாவது வகை, எந்த வர்த்தமானியிலும் பெயர் ஏறாத அரச காடு. சிக்கல் அதிகம் இங்கேதான். 2001 ஆம் ஆண்டின் 5/2001 சுற்றறிக்கை இத்தகைய காடுகளை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் வந்த எம்.டபிள்யூ.எப்.சி/1/2020 சுற்றறிக்கை அந்த அதிகாரத்தைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களின் பக்கம் திருப்பியது. ஆகவே உங்கள் காடு இந்த வகையானால், பிரதேச செயலகத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியைத் தனித்தனியாக அனுப்புங்கள். “இக்காட்டை நிர்வகிக்கத் தங்கள் அலுவலகம் இப்போது பின்பற்றும் சுற்றறிக்கையின் பிரதி” என்பதையும் அதில் ஒரு கேள்வியாகச் சேருங்கள்.

நான்காவது, தோட்டக் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்றும் அரசுடையது, கம்பனியின் கையில் இருப்பது குத்தகை. தேயிலைக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மரங்களும், விறகுக்கு நட்ட தோப்பும், ஓடையோரக் காடும் பெரும்பாலும் இந்தக் குத்தகைக் காணிக்குள்தான் வரும். கம்பனியும் தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதா என்ற வாதத்தில் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டாம். அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும், அரச உடன்படிக்கையின் கீழ் பொதுப்பணி செய்யும் தனியார் நிறுவனமும் அந்தப் பணியளவில் சட்டத்துக்குள் வருகின்றன என்பது உண்மை. ஆனால் விரைவான வழி வேறு. கம்பனி எழுதிய கடிதமும் அதற்குக் கிடைத்த அனுமதியும் அரச அலுவலகக் கோப்பிலும் இருக்கும். அங்கே கேளுங்கள்: பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சு, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பிரிவு வன அலுவலகம், பிரதேச செயலகம். மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், காணி சீர்திருத்த ஆணைக்குழு ஆகியவை நேரடியாகவே பகிரங்க அதிகாரசபைகள், அதாவது தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்கள். அவற்றின் காணியானால் சுற்று வழி தேவையில்லை.

திணைக்களம் நட்ட பைனஸ், யூகலிப்டஸ் தோப்புகளில் வெட்டும் வேலை பெரும்பாலும் அரச மரக் கூட்டுத்தாபனத்தின் கையில் நடக்கும். எந்தத் துண்டை வெட்டலாம் என்று ஒப்படைத்த கடிதம் வனத் திணைக்களத்தில் இருக்கும். எவ்வளவு வெட்டி, எவ்வளவுக்கு விற்றார்கள் என்ற கணக்கு கூட்டுத்தாபனத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டால் பாதிப் பதில்தான் வரும்.

இடத்தை உறுதிப்படுத்த மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, கைத்தொலைபேசியை அந்த இடத்துக்கே எடுத்துப்போய் அகலாங்கு நெட்டாங்கு எண்களைக் குறியுங்கள். வெட்டிய பரப்பின் நான்கு மூலைகளிலும் எடுத்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் சேருங்கள். நம் ஆட்கள் தோட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், கம்பனிப் பதிவில் வேறு பெயர் இருக்கும், நில அளவைப் படத்தில் சிங்களக் கிராமத்தின் பெயர் இருக்கும். “மேமலைக் காடு” என்று மட்டும் எழுதினால் அலுவலகத்தில் எந்தக் கோப்பும் திறக்காது.

விண்ணப்பம் இல்லாமலே கிடைப்பவை

எழுத உட்காரும் முன் ஏற்கெனவே வெளியில் இருப்பவற்றைப் பாருங்கள். ஒதுக்கக் காட்டின் எல்லை வர்த்தமானியில் இருக்கும். திணைக்களங்களின் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கைகள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் வனத் திணைக்களம் பற்றியும் மரக் கூட்டுத்தாபனம் பற்றியும் தனித்தனி அறிக்கைகள் உண்டு. பலரும் புரட்டாத இந்த அறிக்கைகளில்தான் கேள்விக்கான நுனி கிடைக்கிறது: நடாமல் விட்ட பரப்பு, வராத பணம், எல்லை போடாத காடு. கணக்காய்வு சுட்டிய குறையைப் பந்தி இலக்கத்தோடு எடுத்து, “இதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலின் பிரதி” என்று கேட்டால், அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லுவது கடினம்.

திட்டங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலும் பெறுமதியான திட்டத்தின் விவரத்தை, அது தொடங்க மூன்று மாதம் முன்பே பொறுப்பான அமைச்சர் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது தகவல் சட்டத்தின் 9 ஆம் பிரிவு. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது 1993 ஜூன் 24 வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி பெற வேண்டிய வேலை. முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் அதன் அறிக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கும் கருத்துக்கும் வைக்கப்பட வேண்டும். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். ஓடையை மறித்துக் கட்டும் சிறு நீர்மின் திட்டங்களைப் பற்றிக் கேட்கிறவர்கள் முதலில், “இத்திட்டத்துக்கு அனுமதியளிக்கும் முகவராண்மை எது?” என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். மீதிக் கேள்விகளை அந்த முகவராண்மைக்கு எழுதலாம்.

கேள்வியை எழுதுவது

ஒரே விதி: ஆவணத்தைக் கேளுங்கள், விளக்கத்தைக் கேட்காதீர்கள்.

“ஏன் எங்கள் காட்டை அழிக்கிறீர்கள்?” என்பது நியாயமான கோபம். ஆனால் அதற்குச் சட்டப்படி பதில் தர யாருக்கும் கடமை இல்லை. தகவல் அலுவலர் தம்மிடம் இருப்பதைத் தருவாரே தவிர, இல்லாத கருத்தைப் புதிதாக எழுதித் தர மாட்டார். அதே கோபத்தை, “இந்த இடத்தில் மரம் வெட்ட அனுமதித்த கடிதத்தின் பிரதி” என்று எழுதினால், பதிலில் ஒரு கடிதமாவது வரும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்ற ஒப்புதலாவது வரும்.

அடுத்த தவறு அகலம். “நுவரெலியா மாவட்டத்தில் வெட்டிய மரங்கள் பற்றிய எல்லாத் தகவலும்” என்று கேட்டால் கோப்பு பெரிது, நேரம் வேண்டும், கட்டணம் வேண்டும் என்று இழுபடும். ஓர் இடம், ஒரு காலப்பகுதி, ஐந்தாறு கேள்வி. கோப்பின் பெயர் தெரியாவிட்டால் இரண்டு கட்டமாகப் போங்கள். முதல் கடிதத்தில் பதிவேட்டை மட்டும் கேளுங்கள்: “2023, 2024, 2025 ஆண்டுகளில் இப்பிரிவில் வழங்கிய மரம் வெட்டும் அனுமதிகளின் பதிவேட்டுப் பக்கங்கள்.” அது வந்ததும் அதில் உள்ள இலக்கத்தைச் சொல்லி இரண்டாம் கடிதம் எழுதுங்கள். ஒரு மாதம் கூடுதலாகப் போகும். ஆனால் அந்த இரண்டாம் கடிதத்திலிருந்து தப்புவது கடினம்.

ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு, அது கட்டாயமில்லை. வெறும் தாளில் இப்படி எழுதினாலும் போதும்:

*தகவல் அலுவலர்,*
*பிரிவு வன அலுவலகம், ……*

*2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம்*

*நான் இலங்கைப் பிரஜை. …… பிரதேச செயலகப் பிரிவு, …… இலக்க கிராம உத்தியோகத்தர் பிரிவில், …… தோட்டத்தின் …… டிவிஷனுக்கு மேற்கே உள்ள மரத்தோப்பு (அகலாங்கு ……, நெட்டாங்கு ……) தொடர்பாக, 2024 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரையான பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைக் கோருகிறேன்.*

*1. மரம் வெட்டுவதற்கான கோரிக்கைக் கடிதமும் அதற்கு வழங்கிய அனுமதியும், நிபந்தனைகளோடு.*
*2. வெட்டுமுன் மரங்களுக்கு இலக்கமிட்டு எடுத்த பட்டியல்: இனம், சுற்றளவு, எண்ணிக்கை, கன அளவு.*
*3. வெட்ட அனுமதித்த பரப்பின் எல்லையைக் காட்டும் வரைபடம். ஓடை, நீரூற்று ஒதுக்குகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தால் அவையும்.*
*4. இவ்விடத்திலிருந்து வெளியேறிய மரங்களுக்கு வழங்கிய போக்குவரத்து அனுமதிப்பத்திரங்களின் பதிவேட்டுப் பக்கங்கள். இந்த இனத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை எனில் அதைக் கூறும் ஆவணம்.*
*5. மீள்நடுகைத் திட்டமும், நட்ட கன்றுகளில் பிழைத்தவற்றின் கணக்கெடுப்பும்.*
*6. இவ்விடத்துக்கு அலுவலர்கள் மேற்கொண்ட கள விஜய அறிக்கைகள்.*

*மேற்படி ஏதாவது ஆவணம் தங்கள் அலுவலகத்தில் இல்லையெனில் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி, அது உள்ள அலுவலகத்தின் பெயரையும் அறியத்தரவும். பதில் தமிழில் வேண்டும்.*

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஆறு கேள்வியில் நான்குக்கு மட்டும் பதில் தந்து மற்றதை மௌனமாகக் கடந்துபோவது அடிக்கடி நடப்பது. “இல்லை” என்பதை எழுத்தில் கேட்டிருந்தால், அந்த மௌனமே முழுமையற்ற பதில் என்று மேன்முறையீட்டுக்குக் காரணமாகும்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. தமிழ் அரசகரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டவை. பதில் கடிதம் தமிழில் வர வேண்டும் என்று வலியுறுத்துங்கள். பழைய ஆவணத்தின் பிரதி மட்டும் அது எழுதப்பட்ட மொழியிலேயே வரும், பெரும்பாலும் சிங்களத்தில். வாசித்துச் சொல்ல ஓர் ஆளை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஒப்படைப்பதும் முகவரியும்

ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தகவல் அலுவலர், மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் ஆகியோரின் விவரத்தையும் கட்டணத்தையும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். பலகை இல்லையென்றால் வேறு யாரையும் தேடாதீர்கள். தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் அலுவலகத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். அவர் பதவியை விலாசமிட்டு அனுப்புங்கள்.

நேரில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை அந்த இடத்திலேயே தர வேண்டும். “வைத்துவிட்டுப் போங்க, பிறகு அனுப்புவோம்” என்ற பேச்சோடு திரும்பாதீர்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் விழட்டும். போக வசதி இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை விண்ணப்பப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள். நாட்கணக்குக்கு ஆதாரம் அந்தத் துண்டுதான்.

உங்கள் முகவரியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். லய முகவரிக்கு வரும் கடிதங்கள் பல தோட்டங்களில் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் ஆள் கைக்கு வருகின்றன. தோட்டத்துக் காட்டைப் பற்றிய பதில் தோட்டக் கந்தோரில் காத்துக் கிடப்பது நல்லதல்ல. தாமதமாகலாம், தொலையலாம், உள்ளே என்ன இருக்கிறது என்பது முன்பே தெரிந்தும் போகலாம். டவுனில் உள்ள உறவினர் வீடு, கடை, பாடசாலை என்று நம்பிக்கையான ஓர் இடத்தை “மேற்பார்வை” என்று போட்டுக் கொடுங்கள். மின்னஞ்சலும் கொடுத்தால் பதிலை அந்த வழியாகக் கட்டணமில்லாமலே பெறலாம்.

நாளும் பணமும்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறைகளைக் கழித்துத்தான் எண்ண வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அது நான்கு வாரம் வரை நீளலாம். தருவதாக முடிவெடுத்தபின் தகவலைக் கையளிக்க 14 நாள். கோப்பு பெரிதாகவோ தூரத்திலோ இருந்தால் காரணம் சொல்லி இன்னும் 21 நாள் வரை கூட்டலாம்.

ஓர் உயிரோ ஆளின் சுதந்திரமோ சம்பந்தப்பட்டிருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். மலையகத்தில் இதற்கு உண்மையான தேவை உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. லயத்துக்கு மேலே உள்ள சரிவு மொட்டையாக்கப்பட்டு, மழையில் நிலம் வெடிப்புக் காட்டினால், அந்த இடத்தைப் பற்றிய மண்சரிவு ஆய்வறிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் பிரதேச செயலகத்திடமும் இந்த 48 மணித்தியால ஏற்பாட்டின் கீழ் கேளுங்கள். ஆபத்து என்ன, எத்தனை குடும்பம் என்று இரண்டு வரியில் காரணத்தை எழுதுங்கள், வெடிப்பின் படத்தை இணையுங்கள். சாதாரண விண்ணப்பத்தில் அவசரத்துக்காக மட்டும் இந்த 48 மணித்தியால ஏற்பாட்டைக் கோரினால், உண்மையான ஆபத்தோடு அடுத்து வருபவரின் விண்ணப்பம் கவனிக்கப்படாமல் போகும்.

2017 பெப்ரவரி வர்த்தமானியில் வந்த கட்டண விதிப்படி ஏ4 நிழற்பிரதி ஒரு பக்கம் 2 ரூபாய், இருபக்கம் 4 ரூபாய். முதல் நான்கு பக்கம் இலவசம். கோப்பை நேரில் பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய். பெரிய தொகை கேட்டால் பக்கக் கணக்கோடு எழுத்தில் கேளுங்கள், மிகையான கட்டணமும் மேன்முறையீட்டுக்கு ஒரு காரணம். கோப்பு 200 பக்கத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் பிரதியைக் கேட்காமல் பார்வையிடக் கேளுங்கள். இரண்டு பேர் போய், ஒருவர் வாசிக்க மற்றவர் பக்க இலக்கத்தைக் குறித்து, தேவையான இருபது பக்கத்துக்கு மட்டும் பிரதி எடுக்கலாம். கோப்பில் இடையே காணாமற்போன பக்க இலக்கம் கண்ணில் படுவதும் இப்படிப் பார்க்கும்போதுதான்.

மறுப்பு வந்தால்

சட்டத்தின் 5 ஆம் பிரிவு மறுக்கக்கூடிய காரணங்களைப் பட்டியலிடுகிறது. காட்டு விஷயத்தில் மூன்று திரும்பத் திரும்ப வரும்.

வணிக இரகசியம் என்பது முதலாவது. கம்பனியின் கொள்வனவாளர் பட்டியலுக்கு அது பொருந்தலாம். அரச காணியில் எத்தனை மரம், எந்த இனம், எந்த எல்லை என்பதற்குப் பொருந்தாது. மூன்றாம் தரப்பு தந்த இரகசியத் தகவல் என்று சொன்னால், அந்தத் தரப்பிடம் கேட்டார்களா, எப்போது, என்ன பதில் வந்தது என்று எழுதிக் கேளுங்கள். அந்தத் தரப்பு ஆட்சேபித்தாலும், பொதுநலன் மேலானது என்று கண்டால் வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு பணிக்கலாம்.

இரண்டாவது, விசாரணை நடக்கிறது என்பது. விசாரணை நடப்பது மட்டும் போதாது. வெளியிட்டால் குற்றத்தைக் கண்டுபிடிப்பதோ வழக்குத் தொடுப்பதோ கடுமையாகப் பாதிக்கப்பட வேண்டும். வெட்டுமுன்பே வழங்கிய அனுமதிக் கடிதத்துக்கு இதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது அந்தரங்கம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. விறகு வெட்டிப் பிடிபட்ட ஏழையின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நமக்குத் தேவையில்லை. பெயரை மறைத்து மற்றதைத் தாருங்கள் என்று நீங்களே எழுதுங்கள். மறுக்கக்கூடிய பகுதியை நீக்கி மீதியைத் தர வேண்டும் என்பது 6 ஆம் பிரிவு. எந்தக் காரணமானாலும், வெளியிடுவதிலுள்ள பொதுநலன் அதனால் வரும் தீங்கைவிடப் பெரிதென்றால் தர வேண்டும் என்கிறது 5(4) பிரிவு. நீரூற்று, மண்சரிவு, பொதுப்பணம் இந்த மூன்றில் எது உங்கள் கேள்வியோடு சேர்கிறதோ அதை மேன்முறையீட்டில் எழுதுங்கள்.

“கோப்பு தொலைந்துவிட்டது” என்பது மறுப்பே அல்ல. சட்டம் வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து 10 ஆண்டுகளும், புதிய பதிவுகளை உருவான நாளிலிருந்து 12 ஆண்டுகளும் பேண வேண்டும். தகவலை வேண்டுமென்றே அழிப்பதும் பொய்த் தகவல் தருவதும் 50,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றங்கள். கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டாம். எந்தத் திகதியில் தொலைந்தது, யார் முறைப்பாடு செய்தார், அதன் பிரதி தாருங்கள் என்று கேட்டாலே பல கோப்புகள் திரும்பக் கிடைத்துவிடும்.

மேன்முறையீடு

பதில் வராவிட்டாலும், மறுத்தாலும், அரைகுறையாகத் தந்தாலும், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். அநேகர் தோற்பது இங்கேதான். “இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்” என்று காத்திருந்து நாளைத் தவறவிடுகிறார்கள். விண்ணப்பம் கொடுத்த அன்றே கலண்டரில் இரண்டு நாளைக் குறியுங்கள்: 14 வேலை நாள் முடியும் நாள், அதன் பிறகு வரும் 14 ஆம் நாள்.

மேன்முறையீடு நீளமாக இருக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தின் திகதி, எந்தக் கேள்வி இலக்கத்துக்குப் பதில் இல்லை, சொன்ன காரணம் ஏன் பொருந்தாது. ஒரு பக்கம் போதும். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். சட்டத்தை மீறவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அலுவலகத்தின் தலையில்தான், உங்கள் தலையில் இல்லை. சட்டத்தரணி தேவையில்லை. முடிவுக்குச் சட்டம் சொல்லும் காலம் 30 நாள், நடைமுறையில் மாதக்கணக்கில் போகும் என்று எண்ணியே இறங்குங்கள். ஆணைக்குழுவின் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

விண்ணப்பம், தபால் துண்டு, கிடைத்த பதில், உறை ஆகிய நான்கையும் ஒவ்வொரு கட்டத்திலும் இணையுங்கள். உறையில் உள்ள தபால் முத்திரை, கடிதத்தில் போட்ட திகதியோடு ஒத்துப்போகாத சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால்தான் உறையை எறிய வேண்டாம் என்கிறோம்.

வந்த தாளை வாசிப்பது

பழைய படங்களில் பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சஸில் இருக்கும்: 1 ஏக்கர் 4 ரூட், 160 பேர்ச்சஸ். புதியவை ஹெக்டேயரில்: 1 ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் முதலில் ஒன்றாக மாற்றுங்கள். 10 ஏக்கருக்குப் பெற்ற அனுமதியில் 10 ஹெக்டேயர் வெட்டுப்படுவது காகிதத்தில் ஒரு சொல்லின் வித்தியாசம். மலையில் அது இரண்டரை மடங்கு.

மரத்தின் கன அளவில் அளந்த முறையைப் பாருங்கள். சுற்றளவில் காற்பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது பழைய மர வியாபார வழக்கம். 1.2 மீற்றர் சுற்றளவும் 3 மீற்றர் நீளமும் உள்ள கட்டைக்கு 0.3 × 0.3 × 3 = 0.27 கன மீற்றர் வரும். உருளையாகக் கணக்கிட்டால் அதே கட்டை ஏறத்தாழ 0.34 கன மீற்றர். அனுமதியை ஒரு முறையிலும் போக்குவரத்தை இன்னொரு முறையிலும் அளந்தால், திருட்டு இல்லாத இடத்தில் திருட்டும், இருக்கும் இடத்தில் நேர்மையும் தெரியும். முறை ஒன்றா என்று உறுதிசெய்த பிறகே குற்றம் சொல்லுங்கள்.

அதன்பின் மூன்று தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: இலக்கமிட்ட மரங்களின் கன அளவு, போக்குவரத்துப் பதிவேட்டின் மொத்தம், விற்பனைக் கணக்கின் மொத்தம். கழிவுக்கும் விறகுக்கும் இடம் விட்ட பிறகும் போக்குவரத்துத் தொகை இலக்கமிட்டதைத் தாண்டினால், அடுத்த விண்ணப்பத்தின் முதல் கேள்வி அங்கே இருக்கிறது.

மீள்நடுகைக்கும் சிறு கணக்கு உண்டு. கன்றுக்குக் கன்று 2.5 மீற்றர் இடைவெளி விட்டால் ஹெக்டேயருக்கு 1,600 கன்று பிடிக்கும். 10 ஹெக்டேயரில் 4,000 கன்று நட்டதாகப் பதிவு சொன்னால் ஹெக்டேயருக்கு 400, அதாவது 5 மீற்றருக்கு ஒன்று. அது திட்டத்தில் எழுதிய இடைவெளிதானா என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி, 20 மீற்றருக்கு 20 மீற்றர் சதுரம் கயிறு கட்டி உள்ளே உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணுங்கள். 5 மீற்றர் இடைவெளியானால் ஒரு சதுரத்தில் 16 இருக்க வேண்டும். சரிவின் மேல், நடு, கீழ் என்று குறைந்தது ஐந்து சதுரம் எடுங்கள். கீழ்ப்பகுதியை மட்டும் எண்ணினால் கணக்கு எப்போதும் நன்றாகவே வரும், ஏனென்றால் மானாப்புல் தீ மேல்நோக்கித்தான் ஏறுகிறது.

கிடைத்த தாள்களை மூன்று தொகுதியாகப் பிரதி எடுங்கள். ஒன்று விண்ணப்பதாரரிடம், ஒன்று சங்கத்திடம், ஒன்று தோட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் விண்ணப்பத் திகதி, அலுவலகம், கோப்பு இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மரம் விழும்போது விண்ணப்பம் எழுதுகிறவர் வேறொருவராக இருக்கலாம்.